சைலண்ட் ஹண்டர் 3: புயல் கடலில் வரும் கோளாறுகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யுபிசாஃப்டின் ருமேனியக் குழு உருவாக்கி 2005 மார்ச்சில் வெளிவந்த நீர்மூழ்கி கேம் இது. இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் யூ-படகு ஒன்றின் தளபதி நீங்கள். வயதான கேம்தான், ஆனாலும் புதிதாக ஆட வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வந்தவர்கள் அட்லாண்டிக்கில் முதல் புயலைப் பார்த்ததும் ஒரே மாதிரியான சந்தேகங்களோடு வருகிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். பதில்கள் 1.4பி பேட்ச் (நிறுவனமே வெளியிட்ட திருத்தம்) போட்ட பதிப்பை வைத்துச் சொன்னவை. ஜிடபிள்யூஎக்ஸ் போன்ற பெரிய மாட் (ரசிகர்கள் செய்து வெளியிட்ட மாற்றத் தொகுப்பு) போட்டவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

புயல் அடிச்சாலே கேம்ல எல்லாம் தப்புத்தப்பா நடக்குது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கிறது?

முதலில் கோளாறு எந்த இனம் என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரிவது மட்டும் தப்பா, படகின் அசைவு தப்பா, அல்லது மாலுமிகள் ஒரு கட்டளையை மறுக்கிறார்களா? முதலாவது வரைகலைப் பிரச்சினை, படகுக்கு அதனால் எதுவும் ஆகாது. மூன்றாவது பெரும்பாலும் கேமின் விதி, கோளாறே இல்லை. உண்மையில் மண்டையைக் குடைய வேண்டியது இரண்டாவதுதான்.

அப்புறம் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வானிலை அறிக்கை கேட்டால் வரும் காற்றின் வேகம், அந்த நேரத்தில் டைம் கம்ப்ரஷன் (கேமின் நேரத்தை எத்தனை மடங்கு வேகமாக ஓட்டுகிறீர்கள் என்பது) எத்தனை, கடைசியாகப் போட்ட மாட் எது. இந்த மூன்றையும் சொல்லாமல் "படகு குதிக்குது" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது.

காற்று 15க்கு மேல போகவே மாட்டேங்குது. கேம் அங்க மாட்டிக்குதா?

மாட்டவில்லை. உச்சவரம்பே நொடிக்கு 15 மீட்டர்தான். காற்றின் வலுவை எண்களால் சொல்லும் போஃபோர்ட் அளவில் இது 7ஆம் எண். வானிலைக்காரர்கள் இதைப் புயல் என்று சொல்வதில்லை, கிட்டத்தட்ட புயல் என்பார்கள். அந்தக் காற்றுக்குத் திறந்த கடலில் சுமார் 4 மீட்டர் அலை எழும், சில அலைகள் ஐந்தரை மீட்டரைத் தொடும்.

குளிர்கால வட அட்லாண்டிக் இதைவிடப் பல மடங்கு மோசம். நீங்கள் "கேம் ஓவரா பண்ணுது" என்று நினைக்கும் வானிலை, அசல் யூ-படகுக்காரர்களுக்குச் சாதாரண நாள். 1941 அக்டோபரில் யூ-106 படகில் அடுத்த காவலுக்கு ஆட்கள் மேலே ஏறியபோது, ஏற்கெனவே காவலில் நின்ற 4 பேரில் ஒருவர்கூட அங்கே இல்லை. அலை அடித்துக்கொண்டு போயிருந்தது.

ரெண்டு வாரமா அதே புயல், அதே மழை. ஒரு கப்பல் கண்ணுல படல. இது பக் தானே?

ஆமாம், இது பக் தான். வானிலையை மாற்றும் பகுதி சில சமயம் 15லேயே உட்கார்ந்துகொள்ளும். கேமை சேவ் செய்து, முழுக்க வெளியேறி, திரும்ப ஏற்றினால் பெரும்பாலும் வானிலை புதிதாகக் கணக்கிடப்படும். முதன்மைப் பட்டியலுக்குப் போய்த் திரும்புவது போதாது, விண்டோஸ் வரைக்கும் வெளியே வாருங்கள். சேவ் எப்போது செய்யலாம், எப்போது கூடாது என்பது கீழே தனியாக இருக்கிறது. அதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

அதுவரை கப்பல் தேட வேண்டுமென்றால் கண்ணை நம்பாதீர்கள், காதை நம்புங்கள். 20, 25 மீட்டருக்கு இறங்கி ஹைட்ரோஃபோனில் (நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவி) கேட்டுவிட்டு, மேலே வந்து சில மணி நேரம் ஓடி, மறுபடி இறங்குங்கள். அன்றைய தளபதிகளும் இதையே செய்தார்கள், ஆட்களுக்குக் கொஞ்சம் தூக்கமும் கிடைத்தது. மின்கலத்தை மட்டும் கவனியுங்கள். டைப் 7சி என்ற யூ-படகு வகை நீருக்கடியில் 4 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் சுமார் 80 கடல் மைல்தான் போகும்.

டெக் பீரங்கிக்கு ஆளே ஏற மாட்டேங்கிறாங்க. பட்டன் வேலை செய்யலையா?

பட்டன் சரியாகத்தான் இருக்கிறது. காற்று ஒரு அளவைத் தாண்டினால் பீரங்கிக்கு ஆள் அனுப்ப கேம் விடாது. 88 மில்லிமீட்டர் பீரங்கி நிற்கும் மேல்தளம் நீர்மட்டத்தை ஒட்டியே இருக்கும். அங்கே ஆள் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு யூ-106 கதையே போதும்.

கோபுரத்துக்குள்ள தண்ணி நிக்குது, சில சமயம் அலை படகு நடுவுல பூந்து போகுது. மூழ்கிடுமா?

மூழ்காது. அலையை வரையும் பரப்பு வேறு, படகின் வடிவம் வேறு. அலைப் பரப்பு படகின் உருவத்தை ஊடுருவும்போது அதைத் தடுக்க கேமில் எந்த ஏற்பாடும் இல்லை. அதனால் கோபுரத்தின் தடுப்புச் சுவருக்குள்ளும் கடல் தெரியும். உள்ளே தண்ணீர் ஏறுகிறதா என்பதைச் சேத நிலை காட்டும் திரையில் மட்டும் பாருங்கள். அங்கே வெள்ளம் காட்டவில்லை என்றால் நீங்கள் பார்ப்பது வெறும் படம்.

படகு பொம்மை மாதிரி துள்ளுது. 700 டன் படகு இப்படியா ஆடும்?

பாதி நியாயமான கேள்வி. டைப் 7சி மேல்மட்டத்தில் 769 டன், நீளம் 67 மீட்டர், அகலம் 6 மீட்டர் சொச்சம். கடலுக்கு இது சின்னப் படகு. ஆழ்கடலில் ஓர் அலையின் நீளத்தை அதன் காலத்தை (ஒரு முகடு வந்து அடுத்தது வரும் வரை ஆகும் நொடிகளை) வைத்துச் சொல்லிவிடலாம்: நொடிக் கணக்கை அதாலேயே பெருக்கி, 1.56ஆல் பெருக்கினால் மீட்டரில் நீளம். 10 நொடிக்கு ஒருமுறை வரும் அலையின் நீளம் 156 மீட்டர். அந்த அலையில் படகு முழுசாக ஏறி முழுசாக இறங்கும். அலை நீளமும் படகு நீளமும் ஒன்றாகும் இடம்தான் மோசம். 67 மீட்டர் அலை ஆறரை நொடிக்கு ஒருமுறை வரும். அப்போது முன்மூக்கு ஒரு முகட்டில் குத்தும், பின்பக்கம் அந்தரத்தில் தூக்கி நிற்கும்.

மீதிப் பாதி கேமின் குறை. கேமின் படகுகள் அலையின் சரிவை மிக வேகமாகப் பின்பற்றுகின்றன, உண்மையான எடையுள்ள ஒன்றுக்கு இருக்கும் மந்தம் அதில் இல்லை. இதைச் சரிசெய்ய இடம் இருக்கிறது. கேம் நிறுவிய கோப்புறையில் டேட்டா, அதற்குள் சிஎஃப்ஜி, அதற்குள் சிம்.சிஎஃப்ஜி என்ற கோப்பு. நோட்பேடிலேயே திறக்கும். அதில் மெக் என்ற பகுதியில் இரண்டே வரிகள்: அலை வீச்சுக்கு ஒன்று, அலைத் தணிவுக்கு ஒன்று. வீச்சு 0 முதல் 1 வரை. அதைக் கொஞ்சம் குறைத்தால் துள்ளல் அடங்கும்.

கோப்பை நகல் எடுத்து வைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும், சிறிய அளவில் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

அந்த எண்ணை நேரா 0 வச்சுட்டா?

கடல் பொங்கிக்கொண்டிருக்கும், கப்பல்கள் எல்லாம் ஆணி அடித்த மாதிரி அசையாமல் நிற்கும், அலைகள் அவற்றின் வழியாகப் புகுந்து போகும். இந்த எண் உங்கள் படகுக்கு மட்டும் உரியதல்ல என்பதை மறக்காதீர்கள். எதிரிக் கப்பலும் அதே கணக்கில்தான் ஆடுகிறது.

பெரிஸ்கோப் ஆழத்துல நிக்கவே மாட்டேங்குது. ஒரு நேரம் கோபுரம் வெளிய வருது, ஒரு நேரம் கண்ணாடி தண்ணிக்குள்ள போகுது.

இது கோளாறு இல்லை, கடல். அலையின் ஆட்டம் ஆழம் போகப் போகக் குறையும், ஆனால் நாம் நினைக்கிற வேகத்தில் குறையாது. 150 மீட்டர் நீள அலையை எடுத்துக்கொண்டால், டைப் 7 படகின் பெரிஸ்கோப் ஆழமான 12 மீட்டரில் மேற்பரப்பு ஆட்டத்தில் இன்னும் 60 சதவீதம் மிச்சம் இருக்கும். 25 மீட்டரில் 35 சதவீதம், 50 மீட்டரில் 12. அலை நீளத்தில் பாதி, அதாவது 75 மீட்டர் போனால்தான் 4 சதவீதத்துக்கு வரும். கேம் இதே சூத்திரத்தை அப்படியே போடவில்லை என்றாலும் போக்கு இதுதான்.

ஆகவே 12 மீட்டரில் அமைதியை எதிர்பார்க்காதீர்கள். பெரிஸ்கோப்பை முழுக்க ஏற்றி, ஆழத்தை ஒரு மீட்டர் கூட்டிப் பாருங்கள். வேகம் 2, 3 நாட் என்ற அளவுக்குக் கீழே போக விடாதீர்கள். ஆழச் சுக்கான்களுக்குப் பிடிமானம் தருவது அவற்றின் மேல் ஓடும் தண்ணீர்தான். படகு நின்றுவிட்டால் அலை சொன்னதுதான் ஆழம்.

அவசர முழுக்கு போட்டேன், விமானம் தலைக்கு மேல, படகு கார்க் மாதிரி மேலயே மிதக்குது!

மேலே சொன்ன அதே காரணம். முழு வேகம் இல்லாமல் அவசர முழுக்கு அடித்தால் சுக்கான்களுக்கு வேலை இல்லை. அமைதியான கடலில் பயிற்சி பெற்ற குழு டைப் 7சி படகை அரை நிமிடத்தில் மறைத்துவிடும். புயலில் அந்தக் கணக்கு செல்லாது, முக்கியமாக அலையை நேருக்கு நேர் எதிர்கொண்டு முழுகினால். முன்மூக்கு கீழே போகும் நேரத்தில் அடுத்த அலை அதைத் தூக்கிவிடும்.

கொந்தளிப்பில் மெதுவாக ஊர்ந்துகொண்டு இருக்காதீர்கள். முழுகும் முன் சில நொடி கிடைத்தால் படகைத் திருப்பி அலையைப் பக்கவாட்டிலோ பின்னாலோ வாங்குங்கள்.

டைம் கம்ப்ரஷன் 1024ல போய்ட்டிருந்தேன். 1க்கு குறைச்ச உடனே படகு தூக்கி அடிச்சு சேதம் ஆயிடுச்சு. சில சமயம் செத்தே போச்சு.

அதிகம் பேர் கேட்பது இதுதான், அதிகம் பேர் படகைத் தொலைத்ததும் இதில்தான். எந்த இயற்பியல் கேமும் நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் கணக்கிடுகிறது. சாதாரண வேகத்தில் அந்தத் துண்டு நொடியில் சிறு பகுதி. அலை ஏறுவது, படகு ஏறுவது, அலை இறங்குவது எல்லாம் வரிசையாகக் கணக்கில் வரும். 1024இல் ஓடும்போது அதே கணினி அதே உழைப்பில் ஆயிரம் மடங்கு நேரத்தைக் கடக்க வேண்டும். ஒரு துண்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் அலையே கடந்து போய்விடும். அதனால்தான் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் முப்பரிமாணக் காட்சியையே கேம் நிறுத்தி வைக்கிறது. திடீரென 1க்கு வந்ததும் படகு ஏதோ ஓர் அலையின் ஏதோ ஒரு கட்டத்தில் கொண்டுபோய் வைக்கப்படுகிறது. வைத்த இடம் முகட்டுக்கு மேலே காற்றில் என்றால் விழும். ஆழமில்லாத கடல் என்றால் பள்ளத்தில் தரையைத் தட்டும்.

படிப்படியாகக் குறைப்பதே வழி: 1024, 256, 64, 8, அப்புறம் 1. ஒவ்வொரு படியிலும் ஓரிரு நொடி விடுங்கள். காற்று 15இல் இருக்கும்போது, அதுவும் வட கடல் மாதிரி ஆழம் குறைந்த இடத்தில், பெரிய எண்களையே தொடாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் ஆவணங்கள் கோப்புறைக்குள் எஸ்எச்3 என்ற கோப்புறை இருக்கும். அங்கே உள்ள மெயின்.சிஎஃப்ஜி கோப்பில் டைம் கம்ப்ரஷனுக்கென்றே ஒரு பகுதி உண்டு. நிலம் அருகில் வந்தால், எதிரியைக் கண்டால், விமானம் வந்தால் கேம் தானாக எந்த வேகத்துக்கு இறங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் தனித்தனி வரிகள். யாரோ சொன்னார்கள் என்று நிலத்துக்கு அருகில் என்ற எண்ணை உயர்த்தி வைத்திருந்தால், அதைப் பழையபடி குறையுங்கள். அவசரம்தான் இங்கே எதிரி, நீர்மூழ்கியை வேட்டையாடும் நாசகாரிப் போர்க்கப்பல் அல்ல.

சேவ் பண்ணி திரும்ப ஏத்தினா படகு பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆடுது. சேவ் கெட்டுப்போச்சா?

சேவ் கோப்பில் எல்லாமே பதிவாவதில்லை. நீருக்கடியில் இருக்கும்போது செய்த சேவை ஏற்றினால் ஆழம், சமநிலை போன்றவை தொடக்கத்தில் ஒழுங்காக வந்து உட்காராமல் போகலாம். அருகில் கப்பல்கள் இருந்தால் அவையும் இடம் மாறி, நடத்தை மாறி வரும். பழைய ஆட்டக்காரர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றே: மேல்மட்டத்தில், சுற்றிலும் கப்பலும் விமானமும் இல்லாதபோது, நிலத்தைவிட்டுத் தள்ளி சேவ் செய்யுங்கள்.

புயலில் சேவ் செய்யலாமா? மாட்டிக்கொண்ட வானிலையைக் கலைக்க வேறு வழி இல்லையே, செய்யத்தான் வேண்டும். ஆனால் வேகத்தைக் குறைத்து, டைம் கம்ப்ரஷனை 1இல் வைத்துவிட்டுச் செய்யுங்கள். பழைய சேவின் மேலேயே எழுதாமல் புதுப் பெயரில் வையுங்கள்.

துறைமுகத்துல கட்டி வச்ச கப்பல் தானா மூழ்குது. நான் ஒண்ணுமே பண்ணல.

நம்புகிறேன். துறைமுகச் சுவர் அலையைத் தடுக்கும் என்பது கேமுக்குத் தெரியாது. நடுக்கடலில் என்ன காற்றோ அதற்கேற்ற அலை துறைமுகத்துக்குள்ளும் வரும். கப்பல் ஏறி இறங்கும்போது தரையிலோ பக்கத்துக் கப்பலிலோ மோதும், ஒவ்வொரு மோதலும் சேதமாகச் சேரும். சின்ன மீன்பிடிப் படகுகள் முதலில் போகும். நீங்கள் கிளம்பும்போது உங்கள் படகுக்கும் இது நடக்கலாம், ஆகவே துறைமுக வாசலைத் தாண்டும் வரை டைம் கம்ப்ரஷன் வேண்டாம்.

டார்பிடோ பாதி வழியிலேயே வெடிக்குது. இல்லன்னா கப்பலுக்கு அடியில போயிடுது. ரெண்டும் எப்படி ஒண்ணா நடக்கும்?

ரெண்டுக்கும் காரணம் வேறு. காந்த வெடிமுனை, கப்பலின் காந்தப்புலத்தை உணர்ந்து வெடிக்க வேண்டியது. கொந்தளிப்பில் டார்பிடோ குலுங்கும்போது அதுவே அவசரப்பட்டுவிடும். பழுதான டார்பிடோ என்ற யதார்த்த அமைப்பைப் போட்டிருந்தால் கேம் இதைச் சேர்த்துக் கணக்கிடும். அடியில் போவதற்குக் காரணம் எளிது: இலக்கு அலை முகட்டில் தூக்கி நிற்கும் நொடியில் உங்கள் டார்பிடோ வந்து சேர்கிறது. அதற்குப் பயந்து ஆழத்தை 1 மீட்டர் என்று வைத்தால் அலைப் பள்ளத்தில் டார்பிடோ வெளியே எட்டிப் பார்க்கும், ஓட்டம் கெடும்.

புயலில் மோதல் வெடிமுனையையே வையுங்கள், ஆழம் 3 மீட்டர் வாக்கில். குறைந்த ஆழத்தில் மிதக்கும் சின்னக் கப்பலை விட்டுவிடுங்கள், சுமை ஏற்றிய பெரிய கப்பலை எடுங்கள்.

இது கேம் கட்டிவிட்ட கதை என்று நினைக்காதீர்கள். 1940 ஏப்ரலில் நார்வே நடவடிக்கையின்போது ஜெர்மன் டார்பிடோக்கள் வரிசையாகச் சொதப்பின, அதற்குப் பிறகு காந்த வெடிமுனையையே கொஞ்ச காலம் ஒதுக்கி வைத்தார்கள். டார்பிடோ ஆழமாக ஓடியதற்குக் காரணம் 1942இல்தான் தெளிவானது. படகுக்குள் கூடும் காற்றழுத்தம் டார்பிடோவின் ஆழக் கருவிக்குள் கசிந்து, அதை ஏமாற்றிக்கொண்டிருந்தது.

நாசகாரி 1 கிலோமீட்டர்ல போகுது, என்னைப் பார்க்கவே இல்ல. செயற்கை மூளை தூங்குதா?

தூங்கவில்லை. முன்பு சொன்ன சிம்.சிஎஃப்ஜி கோப்பிலேயே கண், ராடார், ஹைட்ரோஃபோன், சோனார் என்று ஒவ்வொன்றுக்கும் அலைக் காரணி என ஓர் எண் இருக்கிறது. கடல் கலங்கக் கலங்க எதிரியின் புலன்கள் மங்கும். உங்களுக்கும் கஷ்டம், அவனுக்கும் கஷ்டம். பெரிய மாட்கள் இந்த எண்களை மாற்றியிருக்கும், அதனால் ஒருவருக்குக் கிடைத்த அனுபவம் இன்னொருவருக்குக் கிடைக்காது.

எரிபொருள் கணக்கு நம்ப முடியல. ஒரே வேகம் வச்சாலும் எவ்வளவு தூரம் போகலாம்ங்கிறது மாறிக்கிட்டே இருக்கு.

எஞ்சின் சுற்று ஒன்றுதான், அலை ஏறும்போது வேகம் குறைகிறது, இறங்கும்போது கூடுகிறது. நீங்கள் கேட்ட நொடியின் வேகத்தை வைத்து அதிகாரி பதில் சொல்கிறார். நான்கைந்து முறை கேட்டு, குறைந்த எண்ணை நம்புங்கள்.

கடல் மாட் ரெண்டு போட்டேன். இப்ப அலை ஒரு பக்கம், படகு ஒரு பக்கம்.

கடல், வானம், மூடுபனி எல்லாம் சீன்.டாட் என்ற ஒரே கோப்பில் அடங்கும். சுற்றுச்சூழலை மாற்றும் மாட் எதுவானாலும் பெரும்பாலும் அதையே மாற்றும், உதாரணமாக பார்வைத் தூரத்தை 8இலிருந்து 16 கிலோமீட்டராக்கும் மாட்கள். இரண்டில் கடைசியாகப் போட்டதுதான் நிற்கும், முதலாவதின் மற்றக் கோப்புகள் அனாதையாகக் கிடக்கும். மாட்களைப் போடவும் எடுக்கவும் உதவும் ஜேஎஸ்ஜிஎம்இ என்ற மென்பொருள் வழியாகப் போட்டிருந்தால் ஒரே கோப்பை இரண்டு மாட் தொடுகிறது என்று அதுவே எச்சரித்திருக்கும். அந்த எச்சரிக்கையை எல்லோரும் ஓகே அழுத்திக் கடந்துவிடுகிறார்கள்.

மாட் போடுவதும் எடுப்பதும் படகு தளத்தில் இருக்கும்போது மட்டும். ரோந்து நடுவில் மாற்றினால் சேவ் பிரச்சினை இன்னும் சிக்கலாகும். கேமை புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்கு வெளியே நிறுவுங்கள், இல்லையென்றால் நீங்கள் மாற்றிய கோப்பை விண்டோஸ் வேறெங்கோ வைத்துக்கொண்டு பழையதையே காட்டும்.

புயல்ல மட்டும் கேம் மூடிக்குது. புது கணினிதான், 16 ஜிபி மெமரி.

கணினியில் எவ்வளவு இருந்தாலும் இந்த 32 பிட் கேம் இயல்பாக 2 ஜிபிக்கு மேல் தொடாது. பெரிய மாட், பெரிய கான்வாய், அலைத் துளி, மழை எல்லாம் சேர்ந்தால் அது போதாது. 4 ஜிபி வரை பயன்படுத்த அனுமதிக்கும் சின்னப் பேட்சைக் கேமின் முதன்மைக் கோப்புக்குப் போடுங்கள். ஃபிரேம் எண்ணிக்கையையும் 60இல் கட்டி வையுங்கள்.

எடிட்டர்ல ஈர்ப்பு மைய உயரத்தை மாத்தினா ஆட்டம் குறையும்னு சொன்னாங்க. மாத்தினேன், இப்ப முழுகும்போது படகு கவிழுது.

கேமின் கோப்புகளைத் திருத்தும் எஸ்3டி எடிட்டர் என்ற மென்பொருளில் படகின் சிம் கோப்பைத் திறந்தால் நிறை, நீர் இழுவை ஆகியவற்றோடு ஈர்ப்பு மைய உயரமும் இருக்கும். மையத்தைக் கீழே இறக்கினால் படகு ஆடாது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. மிதப்பு மேலும் எடை கீழுமாக விலகியிருக்கும்போது படகு வெடுக்கென்று நிமிரும், ஆட்டம் சின்னதாகி வேகமாகும். பெரிஸ்கோப்பில் பார்க்க அது இன்னும் எரிச்சல். மையத்தை உயர்த்தினால் ஆட்டம் மெதுவாகும், ஆனால் சாய்வு பெரிதாகும். தோராயக் கணக்கு ஒன்று இருக்கிறது: படகின் அகலத்தை 0.8ஆல் பெருக்கி, நிமிர்வு உயரத்தின் (சாய்ந்த படகு எவ்வளவு பலமாக நிமிரும் என்பதைக் காட்டும் அளவு, ஈர்ப்பு மையம் உயர்ந்தால் இது குறையும்) வர்க்கமூலத்தால் வகுத்தால் ஒரு முழு ஆட்டத்துக்கு ஆகும் நொடிகள். 6.2 மீட்டர் அகலத்துக்கு அரை மீட்டர் நிமிர்வு உயரம் என்றால் 7 நொடி, 20 சென்டிமீட்டர் என்றால் 11 நொடி.

மேல்மட்டத்தில் படகை நிமிர்த்துவதில் நீர்க்கோட்டின் அகலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. முழுகியதும் நீர்க்கோடே இல்லை. மிதப்பு மையத்துக்குக் கீழே ஈர்ப்பு மையம் இருந்தால் மட்டுமே படகு நிமிர்ந்து நிற்கும். நீங்கள் மேல்மட்ட ஆட்டத்தை மெதுவாக்க மையத்தை உயர்த்தியபோது, அது மிதப்பு மையத்தைத் தாண்டிப் போயிருக்கிறது. எண்ணைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து சில சென்டிமீட்டராக நகர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் அமைதியான கடலில் 50 மீட்டர் முழுகிப் பார்த்துவிட்டு, அப்புறம் புயலுக்குக் கொண்டுபோங்கள்.